வழி சொன்ன சிவப்பணு

ரத்தக் குழாயில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சிவப்பணுவுக்கு, யார் வழி கேட்டாலும் எதற்கென்று கேட்காமல் சொல்லிவிடும் பழக்கம்.

ஒருநாள் ஏதோ கட்டியிலிருந்து பிய்ந்து வந்த புற்றுநோய் செல் ஒன்று அதன் பக்கத்தில் உருண்டு வந்தது.

"அண்ணே, எந்தச் சுவரைப் பிடிச்சாலும் ரத்தம் இழுத்துட்டுப் போயிடுது. ஓட்டம் கம்மியான இடம் ஏதாவது இருக்கா?"

"ஏன் இல்லாம? என்கூடவே கெண்டைக்காலுக்கு வாங்க. இந்த மனுஷர் நாள் முழுக்க நாற்காலியிலதான். அங்க ரத்தம் தூங்கி வழியும்."

கெண்டைக்கால் வந்ததும் புற்றுநோய் செல் ஒரு சுவரில் அழுத்தமாக ஒட்டிக்கொண்டது. சிவப்பணு அப்போதுதான் கேட்டது: "ஆமா, யார் வீட்டுக்கு வந்தீங்க?"

"யார் வீட்டுக்கும் இல்லண்ணே. இங்கயே பெருகப் போறேன். கொஞ்ச நாள்ல இந்தத் தெருவே என்னோடதுதான்."

தான் எதற்கு வழி காட்டினோம் என்பது சிவப்பணுவுக்கு உறைத்தது.

நல்லவேளை, அந்த நேரம் பார்த்து மனுஷர் கிளம்பிவிட்ட பஸ்ஸின் பின்னால் ஓட ஆரம்பித்தார். இதயம் படபடவென்று அடித்தது. கெண்டைக்காலில் ரத்தம் வெள்ளமாகப் பாய்ந்து, ஒட்டியிருந்த செல்லைப் பிடுங்கி, அடித்துப் புரட்டிச் சுக்குநூறாக்கியது.

மறுநாள் இன்னொரு புற்றுநோய் செல் வந்து அதே கேள்வியைக் கேட்டது. வழி சொல்லும் பழக்கத்தை சிவப்பணுவால் விட முடியவில்லை.

"பக்கத்துலதான் தம்பி," என்றது முகம் மலர்ந்து. "நேரா இதயத்து வாசல்ல போய் நில்லுங்க. அங்க ஒரு அசைவும் இருக்காது."