கடித்த ஆப்பிள்

இன்று டப்ளினுக்கு வெளியே ஒரு பண்ணையில் குழந்தைகளுக்கான ஹாலோவீன் விழா. மற்ற குழந்தைகளைப் போலவே அக்கா மகள் டெர்வ்லாவும் வாய்க்கு மட்டும் ஓட்டை விட்ட வைக்கோல் முகமூடி போட்டிருந்தாள். வீடு சேரும்வரை அதைக் கழற்றக் கூடாது, பேசவும் கூடாது என்பது வழக்கம். குழந்தைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கயிற்றில் ஆடிய ஆப்பிளைக் கடிக்க வேண்டும். டெர்வ்லா முதல் முறையிலேயே கடித்துவிட்டாள்.

“முன்பல் ரெண்டும் விழுந்த பொக்கைவாயி, எப்படிடி கடிச்ச?” என்று அக்கா சிரித்தாள்.

திரும்பும்போது, காரின் பின்சீட்டிலிருந்து டெர்வ்லா ஆப்பிளை என்னிடம் நீட்டினாள். கடித்த இடத்தில் பல்தடங்கள் இடைவெளியே இல்லாமல் வரிசையாக இருந்தன. என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை; வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தேன்.

“அக்கா, வண்டியைப் பண்ணைக்கே திருப்பு.”

“ஏன்டி, எதையாவது விட்டுட்டு வந்துட்டியா?”

நான் பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து சின்னக் கை ஒன்று நீண்டு, ஆப்பிளைத் திருப்பி வாங்கிக்கொண்டது.