உபதேசியாரின் கோட்டு

மாலை ஜெபத்துக்கு விளக்கேற்றியதும் உள்ளே வந்த வௌவால், சுவரெல்லாம் முட்டிவிட்டு, ஆணியில் தொங்கும் உபதேசியாரின் கறுப்புக் கோட்டில் போய் ஒட்டிக்கொள்கிறது. அவரை அடக்கம் பண்ணி நாற்பது நாளாகியும் மனைவி அன்னபாக்கியம் அதை மடித்து வைக்கவில்லை. பெருக்கும் வாரியலை ஓங்கியவள் அப்படியே நிற்கிறாள். “ஓங்கி ஒண்ணு போடுங்க அக்கா!” வேலிக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்துக் கத்துகிறாள் பக்கத்து வீட்டு தேவகனி. “அடிச்சா அவருக்க கோட்டுலயில்லா விழும்!” அன்னபாக்கியம் வாரியலைப் போட்டுவிட்டு, இரண்டு கதவையும் விரியத் திறந்து, விளக்கை ஊதி அணைக்கிறாள். தலைக்கு மேல் விர்ரென்று ஒரு சிறகோசை வாசலைக் கடக்கிறது. மங்கிய அந்தி வெளிச்சத்தில் கோட்டின் வலது கை மட்டும், ஆசீர்வாதம் சொல்லி இறக்கிய கைபோல, மெல்ல ஆடுகிறது. தீப்பெட்டி மடியில்தான் இருக்கிறது. ஆட்டம் நின்ற பிறகும் அவள் விளக்கை ஏற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள்.