பெட்டியில் விழுந்த சீட்டு

“கிளாசுக்குள்ள நுழையவே பயமா இருக்கு. இனிமே என்னால முடியாது.”

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மனக்கவலையை எழுதிப் போடும் பெட்டியில் கிடந்த அந்தச் சீட்டில் பெயர் இல்லை. அதைப் படித்தவள் பள்ளியின் மனநல ஆலோசகர். கடைசி மணி அடிப்பதற்குள் பிள்ளையைக் கண்டுபிடித்தாக வேண்டும். கணக்கு நோட்டுகளை வாங்கிவந்து, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தாள்.

கணக்கு வாத்தியார் வாசலில் வந்து நின்றார்.

“எவனாவது விளையாட்டுக்கு எழுதியிருப்பான் மேடம். கிழிச்சுப் போட்டுடுங்க.”

“உயிர் விஷயம் சார்! உங்க கிளாஸ் பிள்ளை. உங்களுக்குக் கொஞ்சம்கூடப் பதறலையா?”

அவர் வாசலைவிட்டு நகரவில்லை.

நாற்பது நோட்டுகளையும் புரட்டியாகிவிட்டது. எந்தப் பிள்ளையின் எழுத்தும் ஒத்துப்போகவில்லை. கடைசி நோட்டை மூடப்போனவளின் கை அப்படியே நின்றது. தப்பான விடைக்குக் கீழே சிவப்பு மையில், ‘இன்னும் முயற்சி செய்’ என்றிருந்தது. சீட்டில் இருந்த அதே சாய்ந்த எழுத்து.

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உட்காருங்க சார். எத்தனை நாளா இப்படி?”

வாத்தியார் உட்கார்ந்தார்.

“எங்களுக்குன்னு தனியா ஒரு பெட்டி இல்லையே மேடம்.”