சாரங்கின் கண்கள் கலங்கின

மின்னஞ்சலின் தலையிலேயே சிவப்பு எழுத்தில் இருந்தது: மாலை நான்கு மணி வரை வெளியிட வேண்டாம்.

அவள் மணி பார்த்தாள். மூன்று பத்து.

வீட்டுக்கு வந்து துணி வாங்கிப்போய், இஸ்திரி போட்டுத் திருப்பித் தரும் 'மடிப்பு' நிறுவனம் தன் பயணத்தின் அடுத்த கட்டத்தில் அடியெடுத்து வைக்கிறதாம். குழு இன்னும் கச்சிதமாகிறதாம். குடும்பத்தில் நூற்று நாற்பது பேர் புதிய வாய்ப்புகளைத் தேடிச் செல்கிறார்களாம்.

தேடிச் செல்கிறார்கள். என்னவோ அவர்களாகவே கிளம்பியது போல.

நூற்று நாற்பது பேரை வேலையைவிட்டு அனுப்புகிறோம். ஐந்தே சொற்கள். அதை எழுத அங்கே ஒருவருக்கும் கை வரவில்லை. சென்னை அலுவலகத்தையே மூடுகிறார்கள் என்பது ஏழாவது பத்தியில் ஒளிந்திருந்தது.

அந்த நூற்று நாற்பது பேருக்கு இன்னும் தெரியாது. ஊரிலுள்ள பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியும். இந்தத் தொழிலில் இதுதான் வழக்கம். சொன்ன நேரம் வரை வாய் திறக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால்தான் செய்தி முன்கூட்டியே கைக்கு வரும். காலையிலேயே 'சரி' என்று பதில் போட்டிருந்தாள். என்ன செய்தி என்று தெரியாமல் போட்ட சரி.

செய்தி ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

"நாலு மணின்னா நாலு மணிதாம்மா. முன்னாடியே வெளிய போச்சுன்னா அடுத்த தடவை நமக்கு அனுப்ப மாட்டாங்க."

தலையாட்டினாள். தலைப்பு வைக்க வேண்டும். 'புதிய பாதையில் மடிப்பு' என்று அடித்தாள். அழித்தாள்.

கைப்பேசி ஒளிர்ந்தது.

குருபரன். சித்தி மகன். மடிப்பில்தான் வேலை, மூன்று வருடமாக.

ஒரு படம் அனுப்பியிருந்தான். அலுவலகமே ஆரஞ்சு நிற டி-சர்ட்டில் சிரித்துக்கொண்டு நின்றது. நெஞ்சில் 'நாம் ஒரு குடும்பம்'.

"அக்கா, இன்னைக்குக் காலைல குடுத்தாங்க. நாலு மணிக்கு எல்லாரும் ஹாலுக்கு வரணுமாம். புது ஃபண்டிங் வந்திருக்குன்னு பேசிக்கிறாங்க. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனில இருந்து மூணரைக்குக் கூப்பிடுவாங்க. வேண்டாம்னு சொல்லிடப் போறேன்."

ஸ்ரீபெரும்புதூரில் கிடைத்திருப்பது உதிரிபாகத் தொழிற்சாலையின் கிடங்கில் மேற்பார்வை வேலை. மூன்று சுற்று நேர்காணலுக்குப் பிறகு கிடைத்தது. பதில் சொல்ல இன்றுதான் கடைசி நாள். அவன் மனைவிக்கு இது ஏழாம் மாதம்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதிலும் அந்த டி-சர்ட். எல்லோருக்கும் அளவு சரியாக இருந்தது. போன வாரமே கேட்டு வாங்கியிருப்பார்கள். வீட்டுக்கு அனுப்பப் போகிறவனிடம் மீடியமா லார்ஜா என்று கேட்டிருக்கிறார்கள்.

எழுந்து மாடிப்படிக்குப் போனாள்.

"வேண்டாம்னு சொல்லிடாதே. நாலு மணிக்கு உங்க ஆபீஸை மூடப் போறாங்க."

அனுப்பிவிட்டாள். காலையில் போட்ட சரி அதோடு முடிந்தது.

சிரிக்கும் முகம் ஒன்று வந்தது.

"சான்ஸே இல்லக்கா. உங்களுக்கு யாரோ தப்பா சொல்லியிருக்காங்க. சாரங் அப்படிப் பண்ற ஆள் இல்ல."

சாரங் நிறுவனர். அங்கே யாரும் யாரையும் சார் என்று கூப்பிடுவதில்லை. அதிலேயே பாதிப் பேர் மயங்கிவிடுவார்கள்.

அழைத்தாள். துண்டித்தான். 'பக்கத்துல ஆள் இருக்காங்கக்கா, டைப் பண்ணுங்க' என்று எழுதினான். கூடவே இன்னொரு படம். அவன் மேசைத் தடுப்பில் குத்தி வைத்திருந்த செய்தித்தாள் துண்டு. மேலே அவள் பெயர்.

கூட்டுறவு வங்கி வேலையை அவன் விட்டது இதைப் படித்துவிட்டுத்தான். ஒரு வரிக்கு மட்டும் மஞ்சள் அடித்திருந்தான்.

'எவ்வளவு கஷ்டத்திலும் ஒருவரைக்கூட அனுப்பவில்லை என்று சொல்லும்போது சாரங்கின் கண்கள் கலங்கின.'

"நீங்க நேர்ல பார்த்து எழுதினதுதானேக்கா?"

நேரில்தான் பார்த்தாள்.

மூன்று வருடத்துக்கு முன், ஏசி குளிர் தாங்க முடியாத சின்ன அறை. நுரை தளும்பக் காபி வந்தது. சாரங் குனிந்து உறிஞ்சினான். கண்ணாடியில் ஆவி படிந்தது. கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டான். பேச்சு தொடர்ந்தது.

கட்டுரை வறட்சியாக இருக்கிறது என்றார் ஆசிரியர். கொஞ்சம் உணர்ச்சி சேர்க்கச் சொன்னார். ஒரு வரி சேர்த்தாள். மறுநாள் சாரங்கே கூப்பிட்டு நன்றி சொன்னான். நான் அழவில்லையே என்று அவனும் சொல்லவில்லை.

மூன்று இருபத்தாறு.

'என்னை நம்பு' என்று எழுதினாள். எதை வைத்து நம்புவான்? அழித்தாள். அந்த மின்னஞ்சலையே படமெடுத்து அனுப்பலாம். அது மேசைக் கணினியில் இருந்தது. மேசைக்கு அருகே ஆசிரியர் இருந்தார். அதைக் காட்டினாலும், அவள் அச்சில் போட்ட கண்ணீரைத்தான் அவன் மூன்று வருடமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வேறு வரி அடித்தாள்.

"சாரங் அழல. காபி ஆவி. கண்ணாடியைத்தான் துடைச்சான். அழுதான்னு எழுதினது நான்."

இரண்டு டிக் விழுந்தது. நீலமானது.



மூன்று முப்பது. மூன்று முப்பத்தொன்று.

அழைத்தாள்.

அவன் வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது.