குமரே-சன்

பந்து மறுபடியும் அவனைத் தாண்டிப் போனது.

கோலுக்கு நேர் எதிரே நின்றிருந்தான். பக்கத்தில் யாரும் இல்லை. கையைக்கூடத் தூக்கிக் காட்டினான். பந்து வைத்திருந்த ஹயாசே பார்த்தான். பார்த்துவிட்டு, "குமரே-சன்..." என்று ஆரம்பித்தான்.

அதற்குள் எதிரணிக்காரன் பந்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான்.

ஹயாசே தலை குனிந்து மன்னிப்புக் கேட்டான்.

அவனும் பதிலுக்குக் குனிந்தான்.

பி.டி. பீரியட் இப்படியே போய்க்கொண்டிருந்தது.

அவன் பெயர் குமரேசன் இல்லை. அது அப்பா.

ஜப்பானில் ஆளைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஹயாசே, ஹயாசேயின் அப்பா, தாத்தா எல்லோருமே ஹயாசேதான். கூடவே மரியாதைக்கு ஒரு 'சன்' சேர்ப்பார்கள். அருப்புக்கோட்டைப் பையன் குடும்பப் பெயருக்கு எங்கே போவான்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். ஒரு வருடம் படிக்க வந்தவனோடு அவரும் விசா இல்லாமல் வந்துவிட்டார்.

முதல் நாள் கரும்பலகைக்கு முன்னால் நின்று, "நான் குமரேசன்" என்றான்.

வகுப்பு சிரித்தது. தன் பெயருக்குத் தானே 'சன்' போட்டுக்கொள்கிறவனை அவர்கள் பார்த்ததில்லை. நம்மூரில் ஒரு பையன் எழுந்து, 'என் பெயர் மாண்புமிகு மணி' என்றால் எப்படி இருக்கும்? அப்படி.

ஆசிரியை பொறுமையாகத் திருத்தினார். சொந்தப் பெயருக்குச் 'சன்' கூடாது. குமரே. வெறும் குமரே.

அப்பா பாதியில் வெட்டுப்பட்டதை அவனால் தாங்க முடியவில்லை. விளக்கப் பார்த்தான். கைவசம் இருந்த ஜப்பானிய மொழியில் மழையைப் பற்றிப் பேசலாம். கழிப்பறைக்கு வழி கேட்கலாம். சாப்பாடு ருசி என்று சொல்லலாம்.

"அது அப்பா" என்றான்.

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள்.

ஊரில், அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவனோடு கட்டிப் புரண்டு சட்டைப் பட்டனெல்லாம் தெறித்திருக்கிறது. இங்கே வகுப்பே கூப்பிட்டது. பணிவாகக் கூப்பிட்டது.

யாரை அடிப்பது?

மதியம் பெஞ்சுகளை ஒட்டிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். அவனுக்கும் இடம் விட்டார்கள். நிறையவே விட்டார்கள். தங்களுக்குள் வெறும் பெயர்தான். அவசரத்துக்கு அதிலும் பாதிதான். 'சன்' அவனுக்கு மட்டும்.

மரியாதை கொடுத்தார்கள். பந்து கொடுக்கவில்லை.

பி.டி. முடிய விசில் அடிக்கப் போகிற நேரம். ஹயாசே மறுபடியும் பந்தோடு வந்தான். இரண்டு பேர் துரத்தி வந்தார்கள். நம்பிக்கை ஒன்றும் இல்லைதான். ஆனாலும் இவன் கை தானாக மேலே போயிற்று.

ஹயாசேக்கு மூச்சு வாங்கியது. முழுப் பெயருக்கு நேரம் இல்லை.

"குமா!"

பந்து வந்தது.

குமா என்றால் அவர்கள் மொழியில் கரடி. அதெல்லாம் அப்புறம். பந்து காலுக்கு நேராக வந்துவிட்டது.

ஓங்கி உதைத்தான்.

கோலுக்கு மேலே போனது. வேலிக்கும் மேலே போனது. பக்கத்து முட்டைக்கோஸ் தோட்டத்தில் 'சொத்' என்று கேட்டது.

ஹயாசே கத்தினான். குனியவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கத்தியதில் 'எங்கே', 'கண்' என்ற இரண்டு வார்த்தைகள்தான் இவனுக்குப் புரிந்தன. மீதியை அருப்புக்கோட்டையிலேயே கேட்டிருக்கிறான்.

கண்ண எங்கடா வச்சிருக்க?

நம்முடைய 'டா' அவர்களிடம் கிடையாது. ஆனாலும் தெளிவாகக் கேட்டது.

தோட்டக்காரர் ரப்பர் பூட்ஸோடு நின்றிருந்தார். ஒரு கையில் பந்து. இன்னொரு கையில் பிளந்துபோன முட்டைக்கோஸ். கூடவே ஓடி வந்திருந்த ஹயாசே இடுப்பு வரை மடங்கினான். இவன் பாதிதான் மடங்கினான்.

ஹயாசேயின் கை இவன் பிடரியில் விழுந்தது. இன்னும் கீழே அமுக்கியது.

இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அவனை யாரும் தொட்டதில்லை.

தோட்டக்காரர் பந்தைத் திருப்பிக் கொடுத்தார். முட்டைக்கோஸையும் கொடுத்தார். இவன்தான் நிமிரவில்லை.

மைதானத்துக்குள் நுழைந்ததும் ஹயாசே பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் ஓடினான்.

"ஹயாசே! இங்க!"

இவன்தான் கத்தினான். 'சன்' போட மறந்தது கத்திய பிறகுதான் உறைத்தது.

ஹயாசே திரும்பினான்.

பந்து வந்தது.

சாயங்காலம் அப்பா போன் செய்தார். தினமும் கேட்பதையே கேட்டார்.

"அங்க எல்லாரும் மரியாதையா நடத்துறாங்களாப்பா?"

"இன்னைக்கு ஒருத்தன் நிறுத்திட்டான்ப்பா."

அந்தப் பக்கம் நாற்காலி தரையில் உரசுகிற சத்தம் கேட்டது.

"எவன்டா அவன்? அவன் அப்பன் பேரு என்ன?"

"ஹயாசே. நானும் அதச் சொல்லித்தான்ப்பா கூப்பிடுறேன்."