ஸ்தோத்திரம் அக்காவின் கிளட்ச்

“கிளட்ச்சை மிதிங்கம்மா! கிளட்ச்சு, கிளட்ச்சு!”

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் கத்தி முடிப்பதற்குள் கார் இரண்டு குலுங்கு குலுங்கி அணைந்துவிட்டது. அதுவும் நாற்சந்திக்கு நட்ட நடுவில். பின்னால் வந்து நின்ற லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுப்பதாக இல்லை.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அம்மாளோ பூங்காவில் காற்று வாங்க உட்கார்ந்தவர் போல இருந்தார். ஐம்பது வயதிருக்கும். வாய்க்கு வாய் ‘ஸ்தோத்திரம்’ சொல்வதால் ஸ்கூலில் எல்லாருக்கும் அவர் ‘ஸ்தோத்திரம் அக்கா’.

“மாஸ்டர், நீங்க சாமி கும்பிடுவீங்களா?”

“இப்பதான் கும்பிட்டேன். லாரி நின்னுச்சே, பாக்கலியா? மொதல்ல சாவியைத் திருப்புங்க!”

அக்கா சிரித்தபடி சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பியது. அடுத்த திருப்பத்தில் மறுபடியும் படுத்துக்கொண்டது.

சேர்ந்த நாளிலிருந்து இதே கூத்துதான். வண்டி நின்றால் பேச்சு கிளம்பிவிடும். பேச்சு என்றால் இயேசுவைப் பற்றித்தான். அதையும் பிரசங்கம் மாதிரிச் சொல்ல மாட்டார். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வார்.

“நேத்து அவர்கிட்ட நல்லா சண்டை போட்டேன் மாஸ்டர்” என்பார்.

“யார்கிட்ட?”

“இயேசுகிட்டதான். வேற யார் நான் பேசறதை இவ்வளவு நேரம் கேப்பா?”

“நான் கேக்கறேனே, என் தலையெழுத்து” என்பார் மாஸ்டர்.

முன்பின் தெரியாத ஒருவரிடம் இப்படிப் பேசுகிறோமே என்ற கூச்சம் அக்காவுக்குக் கொஞ்சமும் கிடையாது. மாஸ்டரும் பிடி கொடுக்கவில்லை. மனைவி இறந்த பிறகு அவர் பேச்சையே குறைத்துக்கொண்டிருந்தார். மகள் போனில் கேட்டாலும், கூட வேலை பார்ப்பவர்கள் கேட்டாலும் ஒரே பதில்தான்: “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்.”

ஒரு நாள் நல்ல மழை. ஆள் நடமாட்டமில்லாத ஒரு தெருவில் கார் வழக்கம்போல அணைந்தது. வைப்பர் பாதியில் நின்றது. அக்கா இயேசுவின் பேரைச் சொல்லி வாயெடுத்ததுதான் தாமதம், மாஸ்டர் வெடித்துவிட்டார்.

“போதும்மா! என் சம்சாரம் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நான் கும்பிடாத சாமி இல்ல. உங்க சாமியையும் சேர்த்துத்தான். யாரு வந்தா?”

அக்கா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

“ஏன் அப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியாது மாஸ்டர். தெரிஞ்ச மாதிரி பேசவும் வராது. ஆனா ஒண்ணு தெரியும். சிநேகிதன் செத்துப் போனப்ப எங்க இயேசு கல்லறை முன்னாடி நின்னு அழுதாரு. இன்னும் கொஞ்ச நேரத்துல அவனை உயிரோட எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் அழுதாரு. அழறவங்களை விட்டுட்டுத் தள்ளிப் போறவர் இல்ல அவர். அதனாலதான் நான் அவரை நம்பறேன்.”

மாஸ்டர் கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்தபடி அவராகவே பேச ஆரம்பித்தார்.

“ஊர்ல பாதிப் பேருக்கு ஓட்டக் கத்துக் கொடுத்தேன். அவ மட்டும் கத்துக்கவே இல்ல. ஆனா என் பக்கத்துல உக்காந்தா, இல்லாத பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வருவா. ‘எதுக்குடி மிதிக்கறே’ன்னா, ‘என் திருப்திக்கு’ம்பா…”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே உடைந்துபோனது. மழை விட்ட பிறகும் அந்தக் கார் அங்கேயே நின்றிருந்தது.

பயிற்சியின் கடைசி நாளன்று இறங்கும்போது அக்கா கேட்டார். “ஞாயித்துக்கிழமை எங்க சர்ச்சுக்கு வாங்களேன் மாஸ்டர். பிடிக்கலைன்னா பாதியில எழுந்து போயிடுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

“மொதல்ல நீங்க டெஸ்ட்ல பாஸ் பண்ற வழியைப் பாருங்க.”

வாய் அப்படிச் சொன்னாலும், ஞாயிறு காலையில் மாஸ்டர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அக்காவின் புண்ணியத்தில் ஸ்கூல் கார், கிளட்ச் மாற்றுவதற்காக ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

தெருமுனையில் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவற்றுக்கு நடுவே நீளமான பஸ் ஒன்று எங்கேயும் உரசாமல், ஒரு குலுங்கல் இல்லாமல் வளைந்து வந்து, நடைபாதையிலிருந்து சரியாக ஒரு சாண் தள்ளி நின்றது. ‘தொழில் தெரிஞ்ச ஆளு’ என்று மாஸ்டர் மனசுக்குள் மெச்சிக்கொண்டார். கதவு திறந்தது. படியில் கால் வைத்து நிமிர்ந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

யூனிஃபார்மில், டிரைவர் சீட்டில், ஸ்தோத்திரம் அக்கா.

“ஏறுங்க மாஸ்டர். இந்த ட்ரிப்போட டியூட்டி முடியுது. டிப்போவுக்கு எதிர்லதான் சர்ச், சேர்ந்தே போயிடலாம்.”

“நீங்க… பஸ்ஸு… அப்ப அந்தக் கிளட்ச்சு?”

“அந்தப் பாவத்துக்கு தினமும் மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் படுத்தேன்” என்ற அக்கா, மற்ற பயணிகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சாயங்காலம் பெரிய சிக்னல்ல உங்க கார் என் பஸ்ஸுக்குப் பக்கத்துலதான் வந்து நிக்கும் மாஸ்டர். கண்ணாடியை ஏத்தி விட்டுட்டு நீங்க தனியா உக்காந்து அழறது கீழ இருக்கறவங்களுக்குத் தெரியாது, மேல இருக்கற எனக்குத் தெரியும்.”