ஃபோதினியின் கால்கள்

தொண்ணூற்று நாலு வயது வரை வாழ்ந்த ஃபோதினியின் எலும்புகளை, அடக்கம் செய்து மூன்று வருடம் கழித்து, ஊர் வழக்கப்படி வெளியே எடுத்தார்கள். மகள் ஸ்தமாத்தா ஒவ்வொன்றாகத் திராட்சை மதுவில் கழுவி வெள்ளைத் துணியில் பரப்பினாள். ஃபோதினியின் தங்கை பொலிக்சேனி பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

சிறுவயதில் வந்த ஒரு காய்ச்சலில் ஃபோதினிக்கு இடது கால் குட்டையாகிவிட்டது. அந்தக் காலோடுதான் மலையில் ஆடு மேய்த்தாள், நாலு பிள்ளைகளை வளர்த்தாள். பேரப்பிள்ளைகள் அவளைப் போல நொண்டிக் காட்டினால் அவளே முதலில் சிரிப்பாள். கல்யாணங்களில் மட்டும் ஆட எழுந்திருக்க மாட்டாள். ஆடுகிறவர்களின் சால்வைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஸ்தமாத்தா கால் எலும்புகளை இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அடுக்கிப் பார்த்தாள். இரண்டு கால்களும் ஒரே நீளமாக இருந்தன. கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினாள்.

"சித்தி, குழி மாறிப்போச்சா?"

பொலிக்சேனி குனிந்து பார்த்தாள். "மோதிரம் இருக்கா?"

"இருக்கு. அப்பா பேரு போட்டிருக்கு."

"அப்புறம் என்னடி? அக்காதான்."

குழி தோண்டியவர் மண்வெட்டியைத் துடைத்தார். ஸ்தமாத்தா எலும்புகளைப் பெட்டியில் வைத்து மூடி, தூக்கிக்கொண்டாள். தேவாலயத்துக்குப் போகும் மேட்டில் மெதுவாக ஏறினாள். அம்மாவோடு போய்ப் போய் அந்த வீட்டில் எல்லோருக்கும் அந்த நடை பழகியிருந்தது.

"எதுக்கு இப்படி ஊர்ந்து போற?" என்று கீழிருந்து பொலிக்சேனி கேட்டாள். "வேகமாவே போடி. அக்கா வந்துடுவா."